ஆன்லைன் மீட்டிங்கைப் பதிவு செய்து எழுத்தாக்க எந்த மென்பொருள்? தேர்ந்தெடுக்கும் முழுமையான வழிகாட்டி

“நல்லதா ஒரு சாஃப்ட்வேர் பேரு சொல்லுங்க” என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பெயரைச் சொன்னதும் நிறுவிக்கொண்டு, மறுநாளே ஒரு முக்கியமான மீட்டிங்கில் அதை இறக்கிவிடுகிறார்கள். அன்று மாலை போன் வரும். “என் குரல் மட்டும்தான் பதிவாகியிருக்கு.” அல்லது, “தமிழ்ல பேசினதெல்லாம் இங்கிலீஷ்ல என்னவோ வந்திருக்கு.” அல்லது, “பதிவையே காணோம்.”

சில குழுக்களுக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த மூன்று போன்களும் எனக்கு வந்தவைதான். முதல் தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் நோண்டிப் பார்த்தபோது, ஆட்கள் வேலையைத் தொடங்கிய வரிசையில்தான் கோளாறு இருந்தது. மீட்டிங்கைப் பதிவு செய்வது ஒரு வேலை, பதிந்ததை எழுத்தாக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருள் செய்தால் சௌகரியம்தான், ஆனால் கட்டாயம் கிடையாது. தனித்தனியாக யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் குழு வழக்கமாகப் பேசும் விதத்திலேயே பேசிய 10 நிமிட ஒலிப்பதிவு ஒன்று வேண்டும். யாராவது நிதானமாக வாசித்துக் காட்டிய பதிவு உதவாது. வாசிப்பை எந்த மென்பொருளும் அழகாக எழுதிவிடும். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடும்போதுதான் அதன் உண்மை முகம் தெரியும்.

உங்கள் மீட்டிங்குகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள், சுருக்கப் பெயர்கள், துறைச் சொற்கள் என 20, 30 சொற்களை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்தாக்க மென்பொருள்களில் இதை முன்கூட்டியே ஊட்டிவிட இடம் இருக்கும்.

மீட்டிங் நடத்தும் கணக்கு நிறுவனத்துடையதா, தனிநபருடையதா என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனக் கணக்கு என்றால் அட்மின், அதாவது கணக்கை நிர்வகிப்பவர், யார் என்பதும் தெரிய வேண்டும். பதிவு பட்டனே கண்ணில் படவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு, அதை அட்மின் மூடி வைத்திருப்பது தெரியாது.

கணினியில் காலி இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சை எழுத்தாக்க 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனல் ஒலி போதும். சுருக்காத வேவ் கோப்பாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 எம்பி ஆகும். 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 29 எம்பிக்குள் முடிந்துவிடும். இடத்தை விழுங்குவது வீடியோதான். அது உங்களுக்குத் தேவையா என்பதை அடுத்த படி சொல்லிவிடும்.

2. எழுத்து எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது, உண்மையிலேயே எழுதுங்கள். “நேர்காணலில் அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்ட வேண்டும்” என்பது ஒரு தேவை. “என்ன முடிவு எடுத்தோம், யார் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வேண்டும்” என்பது வேறு. “ஆறு மாதம் கழித்துத் தேடினால் அந்தப் பேச்சு கிடைக்க வேண்டும்” என்பது மூன்றாவது. வீடியோவுக்கு வசன வரி போடுவது நான்காவது.

முதல் வகைக்குத் துல்லியம் முக்கியம், மனிதத் திருத்தம் கட்டாயம். இரண்டாவதற்குப் பேசியவர் யார் என்பது சரியாக வர வேண்டும். மூன்றாவதற்கு நேரக் குறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் எழுத்தில் பிழை இருந்தாலும் அந்த நிமிடத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நான்காவதற்கு மட்டும்தான் வீடியோவும், எஸ்ஆர்டி அல்லது விடிடி எனப்படும் வசன வரிக் கோப்பும் தேவைப்படும்.

இரண்டாவது வகைக்காரர்கள் பலர் “சுருக்கம் மட்டும் போதும், முழு எழுத்து எதற்கு” என்று நேராக ஏஐ சுருக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சுருக்கம் அடிப்படை எழுத்திலிருந்துதான் பிறக்கிறது. அடியில் ஒரு சொல் பிசகினால் சுருக்கம் அதே பிசகை நல்ல நடையில், சந்தேகமே வராதபடி சொல்லும். முழு எழுத்தையும் பக்கத்தில் காட்டாத மென்பொருளை நான் எடுத்துக்கொள்வதே இல்லை.

3. சம்மதம் வாங்கும் முறையை முடிவு செய்யுங்கள்

இது ஏன் மென்பொருளைப் பார்ப்பதற்கு முன்பே வருகிறது என்றால், இதனால் சில மென்பொருள்கள் பட்டியலிலிருந்து அப்போதே கழன்றுவிடும். உரையாடலைப் பதிவு செய்வது பற்றிய சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. சில இடங்களில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும், சில இடங்களில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். மீட்டிங்கில் இருப்பவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தால், மிகக் கடுமையான விதி எதுவோ அதையே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அழைப்பிதழிலேயே பதிவு பற்றி ஒரு வரி, மீட்டிங் தொடங்கியதும் வாய்மொழியாக ஒரு வரி, பதிவு ஓட ஆரம்பித்த பின் அதே கேள்வி இன்னொரு முறை. மூன்றாவது எதற்கு என்று கேட்பார்கள். சம்மதம் பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான்.

பதிவு, எழுத்தாக்கம், ஏஐ சுருக்கம் மூன்றுக்கும் சேர்த்தே கேளுங்கள். “ரெக்கார்ட் பண்ணிக்கோங்க” என்று சொன்னவர், தன் பேச்சு வெளியே ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் என்று நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

4. ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதிதாக எதையும் நிறுவும் முன், மீட்டிங் நடக்கும் செயலியிலேயே இருக்கும் வசதியைப் பாருங்கள். அது போதுமானால் இந்த வழிகாட்டியில் பாதியைத் தாண்டிவிடலாம்.

ஜூம்: இலவசக் கணக்கிலும் கணினியிலேயே பதிவு செய்யலாம். கிளவுடில், அதாவது ஜூமின் சர்வரில், பதிவதற்குக் கட்டணக் கணக்கு வேண்டும். போனிலிருந்து கணினிப் பதிவு முறை இயங்காது. போனில் மீட்டிங் நடத்துபவருக்கு கிளவுட் ஒன்றுதான் வழி. பதிவு செய்யும் உரிமை ஹோஸ்டிடம் (மீட்டிங்கை நடத்துபவரிடம்) இருக்கும், அவர் அனுமதித்தால்தான் மற்றவர்கள் பதிய முடியும். அமைப்புகளுக்குள் பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலிக்கோப்பு சேமிக்கும் வசதி ஒன்று இருக்கிறது. பலர் கண்ணில் படுவதில்லை, ஆனால் எழுத்தாக்கத்துக்கு அது பொக்கிஷம். ஏன் என்பதை 8-ஆவது படியில் சொல்கிறேன்.

இன்னொன்று: கணினிப் பதிவில், மீட்டிங் முடிந்த பிறகுதான் ஜூம் கோப்பை எம்பி4 ஆக மாற்றும். அந்த நேரத்தில் லேப்டாப்பைப் படக்கென்று மூடிவிட்டு “பதிவையே காணோம்” என்பார்கள். கோப்புறையில் மாற்றப்படாத கோப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் மாற்றம் தொடரும். பதறி அழித்துவிடாதீர்கள்.

கூகுள் மீட்: சாதாரண இலவசக் கணக்கில் பதிவு வசதி இல்லை. கட்டணத் திட்டங்களில் சிலவற்றில் மட்டும் உண்டு. பதிவு, மீட்டிங்கை ஏற்பாடு செய்தவரின் கூகுள் டிரைவுக்குப் போய்விடும். நீங்கள் பட்டனை அழுத்தினாலும் கோப்பு அவரிடம்தான் இருக்கும். அவர் விடுமுறையில் போய்விட்டால் கதை முடிந்தது, ஆகையால் பகிர்வை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்: பதிவு மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் சேரும், குழுவின் சேனலில் நடத்திய மீட்டிங் என்றால் ஷேர்பாயின்டில். அட்மின் மாற்றாதவரை 120 நாளில் காலாவதியாகும்படி அமைப்பு இருக்கும். “போன வருஷ மீட்டிங்” என்று தேடி வருபவர்களுக்கு இந்தத் தகவல் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. அதோடு, பேசும் மொழி எது என்று மீட்டிங்கிலேயே சொல்ல வேண்டும். தவறான மொழியில் விட்டால் எழுத்து முழுக்கக் குப்பையாக வரும்.

திட்டங்களும் வசதிகளும் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் கணக்கைத் திறந்து பட்டன் இருக்கிறதா என்று நேரில் பார்ப்பதுதான் முடிவான பதில்.

5. ஒலியை எங்கே பிடிக்கப் போகிறீர்கள்?

எல்லாத் தேர்வுகளிலும் முக்கியமானது இதுதான். நான்கு இடங்களில் ஒலியைப் பிடிக்கலாம். மென்பொருள்கள் எத்தனை பெயரில் வந்தாலும் இந்த நான்கில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, மீட்டிங் செயலியே பிடிப்பது. முந்தைய படியில் பார்த்தது. ஒலி நேராகக் கிடைப்பதால் தரம் நன்றாக இருக்கும், பதிவு நடக்கிறது என்பது எல்லோருக்கும் திரையில் தெரியும்.

இரண்டாவது, பாட், அதாவது தானாக இயங்கும் ஒரு நிரல். ஒரு பங்கேற்பாளரைப் போல மீட்டிங்குக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டர், ஃபயர்ஃப்ளைஸ் போன்ற சேவைகள் இந்த முறையில் புகழ் பெற்றவை. நீங்கள் ஹோஸ்டாக இல்லாவிட்டாலும் வேலை நடக்கும், உங்கள் கணினிக்குச் சுமையும் இல்லை. ஆனால் காத்திருப்பு அறையில் யாராவது அனுமதிக்காவிட்டால் பாட் வாசலிலேயே நின்றுவிடும்.

பாட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. காலண்டரை இணைத்ததும், அதிலுள்ள எல்லா மீட்டிங்குக்கும் தானாகப் போகும்படி அமைப்பு இருந்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர், தான் போகாத ஒரு சம்பளப் பேச்சுக்குத் தன் பெயரில் பாட் போய் உட்கார்ந்திருந்ததையும், முடிந்ததும் எல்லோருக்கும் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பியதையும் மறுநாள்தான் அறிந்தார். காலண்டரை இணைத்த அடுத்த நொடியே தானாக நுழைவதையும் தானாக அனுப்புவதையும் அணைத்து வையுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அப்புறம் வராது.

மூன்றாவது, உங்கள் கணினியில் கேட்கும் ஒலியையே பிடிப்பது. இலவசமாகக் கிடைக்கும் திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோ இதற்கு நல்லது. எந்த மீட்டிங் செயலியாக இருந்தாலும் வேலை செய்யும். உங்கள் மைக்கை ஒரு தடத்திலும், எதிர்முனையில் இருப்பவர்களை இன்னொரு தடத்திலும் தனித்தனியாகப் பதியலாம். பதிவை எம்கேவி வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எம்பி4 பதிவு நடுவில் கணினி நின்றுவிட்டால் மொத்தமாகத் திறக்காமல் போகும். எம்கேவியில் அதுவரை பதிந்தது பிழைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த முறையில் மற்றவர்களுக்குத் திரையில் எந்த அறிவிப்பும் வராது. அதனால் 3-ஆவது படியில் சொன்ன வாய்மொழிச் சம்மதம் இங்கே இரட்டிப்பு முக்கியம். பழைய மேக் கணினிகளில் கணினி ஒலியைப் பிடிக்க ப்ளாக்ஹோல் போன்ற மெய்நிகர் ஒலிச் சாதனம் ஒன்றையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

நான்காவது, லேப்டாப் பக்கத்தில் போனை வைத்து வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுவது. இது கடைசி வழி. நான் செய்த தவறும் இதில்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேர மீட்டிங்கில் பதிவானது என் “ம்ம்”, “சரி”, “ஆமா” மட்டும். நல்ல வேளை, சக ஊழியர் ஒருவர் கையால் குறிப்பு எடுத்திருந்தார்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நீங்கள் ஹோஸ்ட் என்றால் முதலாவது. ஹோஸ்ட் இல்லை, ஆனால் அவர் ஒத்துழைப்பார் என்றால் அவரிடம் கேட்டு அப்போதும் முதலாவது. மீட்டிங் செயலி அடிக்கடி மாறுகிறது என்றால் மூன்றாவது. பல மீட்டிங்குகளை ஒரு குழுவே பகிர்ந்து பார்க்க வேண்டும், எல்லோருக்கும் பாட் சம்மதம் என்றால் இரண்டாவது.

6. மொழியில் தேறுகிறதா?

“100 மொழிகளுக்கு மேல்” என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ்ப் பேச்சைத் தமிழாகவே எழுதுமா? சுருக்கத்தையும் தமிழில் தருமா? இல்லை, தமிழ் மெனு மட்டும்தானா? மூன்றும் வேறு வேறு.

நாம் பேசும் தமிழ் எப்படி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். “டெட்லைனை நெக்ஸ்ட் வீக் தள்ளிக்கலாம், அவங்க கன்ஃபர்ம் பண்ணட்டும்.” இதில் தமிழ் எது, ஆங்கிலம் எது? சில மென்பொருள்கள் ஆங்கிலச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும், சில தமிழ் எழுத்தில் எழுதும், சில அந்த இடத்தையே விட்டுத் தாண்டிப் போகும். முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவது ஆபத்து, ஏனென்றால் விடுபட்ட இடம் எழுத்தில் தெரியாது.

பேச்சு வழக்கை என்ன செய்கிறது என்றும் பாருங்கள். “போயிட்டாங்க” என்றதை அப்படியே எழுதுவதும் உண்டு, “போய்விட்டார்கள்” என்று திருத்தி எழுதுவதும் உண்டு. கூட்டக் குறிப்புக்கு இரண்டாவது வசதி. சொல்லுக்குச் சொல் மேற்கோளுக்கு முதலாவதுதான் நேர்மை. 2-ஆவது படியில் எழுதிய வரியை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு நான் முதலில் சோதிக்கச் சொல்வது விஸ்பர். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறமூலமாக வெளியிட்ட பேச்சறிதல் மாடல், அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் ஏஐ, இது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்றது, அதன் மொழிகளில் தமிழும் உண்டு. உங்கள் கணினியிலேயே ஓடும், ஒலி வெளியே போகாது. பல மென்பொருள்கள் உள்ளுக்குள் இதையே வைத்துக்கொண்டு மேலே அழகான திரை மட்டும் போட்டிருக்கும்.

இதில் பல அளவுகள் உண்டு. மிகச் சிறியதில் 3.9 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொண்ட எண்கள்), மிகப் பெரியதில் 155 கோடி. சிறியவை ஆங்கிலத்துக்கு ஓரளவு தேறும், தமிழுக்குத் தேறாது. சிறியதைப் போட்டுப் பார்த்துவிட்டு “விஸ்பர் தமிழுக்கு லாயக்கில்லை” என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியதைப் போட்டுப் பாருங்கள். அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டில் சுமார் 10 ஜிபி நினைவகம் கேட்கும். அது இல்லாதவர்களுக்கு விஸ்பர்.சிபிபி, ஃபாஸ்டர்-விஸ்பர் போன்ற இலகுவான வடிவங்கள் இருக்கின்றன. மெதுவாக ஓடினாலும் இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

இப்போது மிக முக்கியமான ஒரு சுவிட்ச். மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாதீர்கள், “தமிழ்” என்று நீங்களே குறிப்பிடுங்கள். விஸ்பர் முதல் 30 விநாடியைக் கேட்டுத்தான் மொழியை முடிவு செய்யும். நம் மீட்டிங்குகள் எப்படித் தொடங்கும்? “ஹலோ, ஆம் ஐ ஆடிபிள்? கேன் யூ சீ மை ஸ்கிரீன்?” அவ்வளவுதான், ஆங்கிலம் என்று முடிவு கட்டிவிடும். பிறகு வரும் ஒரு மணி நேரத் தமிழும் ஆங்கிலமாகவே வெளியே வரும். எனக்கு வந்த இரண்டாவது போனுக்குக் காரணம் இதுதான்.

7. 10 நிமிடச் சோதனை

முதல் படியில் எடுத்து வைத்த 10 நிமிடப் பதிவு இங்கே வருகிறது. அதிலிருந்து இரண்டு நிமிடப் பகுதி ஒன்றை, சண்டையும் சிரிப்பும் கலந்த இடமாகப் பார்த்து, கையால் தட்டச்சு செய்யுங்கள். ஆம், கையால்தான். அலுப்பான வேலை, ஆனால் ஒரே ஒருமுறைதான். இது உங்கள் அளவுகோல்.

அதே பகுதியை, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கொடுங்கள். வந்ததை உங்கள் எழுத்தோடு ஒப்பிடுங்கள். மாறிப்போன சொல், விடுபட்ட சொல், பேசாமலே நுழைந்த சொல் மூன்றையும் எண்ணிக் கூட்டி, மொத்தச் சொற்களால் வகுத்தால் சொற்பிழை விகிதம் கிடைக்கும். 200 சொல்லில் 18 மாறி, 7 விடுபட்டு, 5 புதிதாக நுழைந்திருந்தால் 30 பிழை, அதாவது 15 சதவீதம்.

தமிழில் இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். “வந்துவிட்டார்கள்” என்று நீங்கள் சேர்த்து எழுதி, மென்பொருள் “வந்து விட்டார்கள்” என்று பிரித்து எழுதினால், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இரண்டு பிழை ஏறும். சந்தி எழுத்து விடுபட்டாலும் அப்படியே. எனவே பிரித்தல், சேர்த்தல், ஒற்றுப் பிழைகளைக் கணக்கில் எடுக்காமல் எண்ணுங்கள். விளம்பரத்தில் போடும் துல்லிய சதவீதங்கள் யாருடைய பேச்சில், எந்த மொழியில் அளந்தவை என்று நமக்குத் தெரியாது. உங்கள் இரண்டு நிமிடம் அதைவிட நம்பகமானது.

சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சொல் பிழையானது என்று பாருங்கள். ஒருமுறை இரண்டு மென்பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். ஒன்று 12 சதவீதம், இன்னொன்று 16. குறைவானதை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. பேசியவர் சொன்னது: “இப்ப அனுப்ப வேணாம்னு சொல்லிட்டாங்க.” எழுத்தில் வந்தது: “இப்ப அனுப்ப வேணும்னு சொல்லிட்டாங்க.” ஒலியில் ஒரு சின்ன வித்தியாசம், பொருளில் தலைகீழ். நான் 16 சதவீதத்தையே எடுத்தேன், ஏனென்றால் அதன் பிழைகள் பெரும்பாலும் ஆட்களின் பெயர்களில் இருந்தன. பெயர் தப்பாக வந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். “வேணும்” கண்ணில் படாமலே தாண்டிப் போய்விடும்.

சோதனையில் தனியாகக் கவனிக்க வேண்டியவை: வேணும், வேணாம் போன்ற எதிர்மறைகள், பதினைந்து, ஐம்பது போன்ற எண்கள், தேதிகள், ஆட்களின் பெயர்கள். அப்புறம் மௌனம். பதிவில் யாரும் பேசாத அரை நிமிடம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். விஸ்பர் வகை மாடல்கள் வெற்று இடத்தில் சொற்களைக் கற்பனை செய்யும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். இது அவற்றின் அறியப்பட்ட குணம். பேச்சில்லாத இடத்தை முன்கூட்டியே வெட்டிவிடும் வசதி உள்ள மென்பொருளில் இந்தத் தொல்லை குறையும்.

சொற்பட்டியலை ஊட்டியும் ஊட்டாமலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசமே இல்லையென்றால் அந்த வசதி பெயருக்குத்தான் இருக்கிறது.

8. யார் பேசியது என்று தெரிய வேண்டுமா?

பேசியவரைப் பிரித்துக் காட்டுவது தனி வேலை. விஸ்பர் அதைச் செய்யாது, விஸ்பர்எக்ஸ் போன்றவை கூடுதலாக ஒரு மாடலைச் சேர்த்துச் செய்யும். ஒரே ஒலிக்கோப்பைக் கேட்டுக் குரலை வைத்து ஊகிப்பதால், “பேசுபவர் 1”, “பேசுபவர் 2” என்று வரும். யார் யார் என்று நீங்கள்தான் பெயர் இட வேண்டும். ஒத்த குரல்கள், ஒரே நேரத்தில் பேசுவது, “ஆமா”, “சரி” போன்ற துண்டுப் பதில்கள் வரும்போதெல்லாம் தடுமாறும்.

ஆளுக்கொரு ஒலிக்கோப்பு கிடைத்தால் இந்த ஊகமே தேவையில்லை. 4-ஆவது படியில் பொக்கிஷம் என்றது இதற்காகத்தான். ஒவ்வொரு கோப்பையும் தனியாக எழுத்தாக்கி, நேரக் குறிப்பை வைத்து வரிசைப்படுத்திவிடலாம். ஒரே அறையில் நான்கு பேர் ஒரு லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தால் மட்டும் இது எடுபடாது, நான்கு பேரும் ஒரே கோப்பில்தான் இருப்பார்கள். அவர்களை ஆளுக்கொரு ஹெட்செட்டில் தனித்தனியாக இணையச் சொல்லுங்கள்.

9. ஒலி எங்கே போகிறது, எப்படி வெளியே எடுப்பது?

தனியுரிமைக் கொள்கையை முழுதாக யாரும் படிப்பதில்லை. மூன்று கேள்விக்கு மட்டும் விடை தேடுங்கள். நம் ஒலியையும் எழுத்தையும் வைத்து மாடலுக்குப் பயிற்சி கொடுப்பார்களா, அதை அணைக்க முடியுமா? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? நாம் அழித்தால் உண்மையிலேயே அழியுமா? விடை தெளிவாக இல்லாவிட்டால், ரகசியப் பேச்சுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். அந்த மாதிரி மீட்டிங்குக்கு நம் கணினியிலேயே ஓடும் விஸ்பர் போன்ற ஏற்பாடுதான் சரி.

கூடவே, எழுத்தை டெக்ஸ்ட், வேர்ட், எஸ்ஆர்டி வடிவங்களில் இறக்க முடிகிறதா, ஒலிக்கோப்பையும் சேர்த்து எடுக்க முடிகிறதா என்று இலவசக் காலத்திலேயே இறக்கிப் பாருங்கள். திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். இறக்கும் பட்டனை அழுத்தியதும்தான் கட்டணத் திட்டம் எட்டிப் பார்க்கும்.

10. ஒத்திகை, பிறகு மீட்டிங் நாள்

தேர்ந்தெடுத்தாயிற்று என்றால், இன்னொருவரை அழைத்து ஐந்து நிமிட ஒத்திகை மீட்டிங் நடத்துங்கள். பதிவை நிறுத்தி, கோப்பைத் திறந்து, இரண்டு குரலும் கேட்கிறதா என்று காதால் கேளுங்கள். ஒலி அலை திரையில் ஆடுவதைப் பார்த்துத் திருப்திப்படுபவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

மைக் விஷயத்தில் ஒன்று. ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பல கணினிகளில் இணைப்பு அழைப்பு நிலைக்கு மாறி, ஒலித்தரம் இறங்கிவிடும். வயர் ஹெட்செட் இருந்தால் அதை எடுங்கள். மென்பொருளை மாற்றுவதைவிட மைக்கை மாற்றியதில் எழுத்து அதிகம் திருந்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மீட்டிங் நாளில் வரிசை இப்படி: மற்ற செயலிகளின் அறிவிப்பு ஒலிகளை அணைப்பது, லேப்டாப்பைச் சார்ஜரில் மாட்டுவது, பதிவைத் தொடங்குவது, சம்மதத்தைப் பதிவுக்குள் வாங்குவது, ஒவ்வொருவரும் தம் பெயரை ஒருமுறை சொல்வது. பெயர் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. பிறகு “பேசுபவர் 3” யார் என்று தேடும்போது அந்தக் குரல் மாதிரி கைகொடுக்கும். இடைவேளைக்காகப் பதிவை நிறுத்தி வைத்தால், திரும்ப ஓடவிட வேண்டியது உங்கள் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிடுங்கள். இடைவேளைக்குப் பிறகு பதிவைத் தொடங்க மறப்பதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் விபத்து.

11. வந்த எழுத்தை எந்த வரிசையில் திருத்துவது

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திருத்த உட்கார்ந்தால் பாதியில் சலித்துவிடும். முதலில் பெயர்களைத் தேடி மொத்தமாக மாற்றுங்கள். அடுத்து எண்களும் தேதிகளும், ஒவ்வொன்றையும் ஒலியோடு வைத்து. மூன்றாவதாக முடிவு எடுத்த இடங்கள். அங்கே வேணும், வேணாம், முடியும், முடியாது என்று வரும் ஒவ்வொரு வரியையும் கேட்டுச் சரிபாருங்கள். கூட்டக் குறிப்புக்கு இத்தோடு போதும். மேற்கோள் காட்டப் போகிறவர் மட்டும் முழுதும் கேட்க வேண்டும்.

திருத்திய எழுத்தைப் பேசியவர்களுக்கு அனுப்பி, திருத்தம் சொல்ல ஒரு நாள் குறியுங்கள். அந்த நாள் தாண்டும் வரை ஒலிக்கோப்பை அழிக்காதீர்கள். தாண்டிய பிறகு, சம்மதம் வாங்கியபோது எத்தனை நாள் வைத்திருப்போம் என்று சொன்னீர்களோ அந்தத் தேதியைக் காலண்டரில் போட்டு, அன்று உங்கள் கணினி, கிளவுட், பாட் சேவையின் கணக்கு மூன்றிலும் அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.